எடை ஏறலையே என்ற கவலை

வியாசர்பாடியில் காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்து கிட் கொடுத்த படமும் அதற்குக் கீழே வந்த கமென்ட்டும் இந்நேரம் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். "நடுவுல நிக்கிற அக்கா என்ன டயட்ல இருக்காங்கன்னு கேட்டுச் சொல்லுங்க, எனக்குப் பத்து கிலோ குறையணும்." அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். மனசு ஆறவே இல்லை.

எழுதியவர் பொல்லாதவர் இல்லை. எடை குறையாமல் தான் படும் பாட்டை அவரே பலமுறை எழுதியிருக்கிறார். அந்த வேதனையைக் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் உங்களுக்குக் குறைய வேண்டிய பத்து கிலோவையும் அந்த அக்கா பறிகொடுத்த பத்து கிலோவையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

காசநோயில் உடம்பு எப்படி இளைக்கிறது என்று தெரிந்தால் சிரிப்பு வராது. சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி வியர்வை, வாயில் ருசியே இருக்காது. சோறு உள்ளே இறங்காதபோது வேண்டிய சக்தியை உடம்பு தன் தசையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, வீட்டுக் கதவை உடைத்து அடுப்பெரிக்கிற மாதிரி. 150 செ.மீ. உயரமுள்ள பெண் 36 கிலோ இருந்தால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் அளவு, 16. அதுவே 31.5 கிலோவுக்கு இறங்கினால் 14. அது உயிருக்கு ஆபத்தான நிலை. 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் அப்படிப்பட்டவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினாலும், ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே போனாலும், பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாவிட்டாலும் அப்படித்தான். 36-க்கும் 31.5-க்கும் நடுவே இருப்பது நாலரை கிலோ. நீங்கள் ஒரு மாதச் சவாலில் குறைக்க நினைக்கிற எடை அது.

மாத்திரைக் கணக்கே எடையை வைத்துத்தான். 35-லிருந்து 49 கிலோ வரை தினம் மூன்று, 50-லிருந்து 64 வரை நான்கு. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் அதில் பைரசினமைடு என்ற ஒன்றை விட்டு மற்ற மூன்று மருந்து. காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும், குமட்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. அதைவிட மோசம், இருமல் நின்று பசி வந்ததும் 'சரியாயிடுச்சு' என்று பாதியில் விடுவது. அப்புறம் கிருமி அந்த மருந்துக்கு அடங்காது.

எடை பார்க்கும் நாளில் அந்த முகங்களைப் பாருங்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால் தயங்குவார்கள், அதிலும் கொஞ்சம் எடை சேருமே என்று. முந்தானையில் முடிந்த சாவியையும் சில்லறையையும் எடுத்து வைக்க மனசு வராது. "எவ்ளோ சிஸ்டர்? ஏறிருக்குதா?" போன மாதமும் 36, இந்த மாதமும் 36 என்றால் பேச்சே நின்றுவிடும். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. 36 கிலோவுக்கு 5 சதவீதம் என்றால் 1.8 கிலோ. அந்த 1.8 கிலோவுக்காகத்தான் அந்த அக்கா அங்கே வரிசையில் நின்றார்.

"சும்மா தமாஷுக்குப் போட்டது" என்பீர்கள். பருமனான ஒருவரின் படத்துக்குக் கீழே யாராவது இப்படித் தமாஷ் செய்திருந்தால் நீங்களே கொதித்திருப்பீர்கள். கொதித்திருக்கவும் வேண்டும். எலும்பும் தோலுமாக நிற்கிறவரிடம் மட்டும் அது எப்படித் தமாஷாகிறது?

"உடல் பருமனும் நோய்தானே?" நோய்தான். அதோடு வரும் சர்க்கரை நோய், காசநோய் தாக்கும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்கு கூட்டுகிறது. அரிசியும் மைதாவும் மலிவாகவும் பருப்பும் மீனும் விலையாகவும் இருக்கிற புளியந்தோப்பிலும் கொடுங்கையூரிலும் பருமன் இல்லாமல் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

"குடிக்கிறாங்க, அதான் வருது" என்று ஒருவர் எழுதியிருந்தார். குடியும் புகையும் காரணம்தான். ஆனால் இந்தியாவில் காசநோய்க்குப் பெரிய காரணமாக இருப்பது சத்துக்குறைவு. பத்துக்குப் பத்து அறையில், ஜன்னலைத் திறக்க வழியில்லாமல், இருமுகிற அப்பாவின் பக்கத்தில் தூங்குகிற பிள்ளை எந்தக் கடையில் போய்க் குடித்தது?

"மாத்திரைதான் இலவசமாச்சே, சாப்பாடு எதுக்கு?" என்றும் கேட்கிறார்கள். 1959-ல் வெளியான மெட்ராஸ் ஆய்வு, வீட்டிலேயே குறைந்த சாப்பாட்டோடு மருந்து எடுத்தவர்களும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கியிருந்தவர்களுக்கு இணையாகக் குணமானதை உலகத்துக்கே காட்டியது. நம் ஊருக்குப் பெருமை அது. மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் எடை ஏறாமல் சாகிறவரையும், அதே வீட்டில் அடுத்துப் படுக்கப்போகிறவரையும் காப்பாற்றச் சோறும் பருப்பும் வேண்டும்.

கிட் கொடுத்தவர்கள்மீதும் வருத்தம் இருக்கிறது. முகங்களை ஏன் போட்டீர்கள்? காசநோய் என்று தெரிந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், வீட்டு வேலைக்குப் போகிற இடத்தில் பாத்திரத்தைத் தொடாதே என்பார்கள். ஒழுங்காக மாத்திரை போட்டால் சில வாரங்களிலேயே பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும் என்று யாரும் காது கொடுத்துக் கேட்கப்போவதில்லை. பையையும் கையையும் மட்டும் படம் எடுத்தால் போதாதா?

கிட்டுக்குள் வைத்தது ஹெல்த் டிரிங்க் டப்பா. அதில் கணிசமான பங்கு சர்க்கரை. சர்க்கரை நோயும் சேர்ந்தவருக்கு அது கெடுதல். அந்தக் காசுக்கு வேர்க்கடலை, கருப்புக் கொண்டைக்கடலை, துவரம் பருப்பு, எண்ணெய், முட்டை வாங்கலாம். காசிமேட்டு நெத்திலிக் கருவாடு வாங்கலாம். 40 கிலோ உள்ள நோயாளிக்கு தினம் 50 கிராம் புரதமாவது வேண்டும், ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். அரசு தரும் உதவி 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய். வங்கிக் கணக்கு ஆதாரோடு சேராதவர்களுக்கு அதுவும் வராமல் நிற்கிறது.

அந்தக் கிட்டை நோயாளி மட்டுமா சாப்பிடுகிறார்? முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அம்மா குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறாள். ஜார்க்கண்ட் ஆய்வில் வீட்டில் இருந்த பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ துவரம் பருப்பு கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நம் ரேஷன் கடையில் துவரம் பருப்பு அட்டைக்கே ஒரு கிலோதான். அடுத்த மாதம் கிட் கட்டும்போது வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, தலைக்கு இவ்வளவு என்று பருப்பை நிறுத்துக் கட்டுங்கள்.