ஹெரால்டு வாங்குவதற்கு முன் அடியில் படுத்துப் பாருங்கள்

முழுசாக ரெஸ்டோர் செய்தால்தான், அதாவது புதுசுபோல் மாற்றினால்தான், பழைய காருக்கு மதிப்பு என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் விஷயத்தில் அதை ஏற்க முடியவில்லை. இதன் பாடி, தனிச் சேஸியின் (அடிச்சட்டம்) மேல் பகுதி பகுதியாக போல்ட் போட்டு நிற்பது. பக்கவாட்டில் நீளும் சேஸிக் கைகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். பெயின்ட் மங்கிய ஒரிஜினல் வண்டியில் அந்தத் துரு கண்ணுக்குத் தெரியும்; பளபளக்கும் வண்டியில் பட்டிக்கு (பள்ளம் நிரப்பப் பூசும் பசை) அடியில் ஒளிந்திருக்கும். காந்தம் வைத்துப் பாருங்கள், பட்டி தடிமனாக இருந்தால் ஒட்டாது. கதவு இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி என்றால் சேஸி தொங்கியிருக்கலாம், அல்லது சரியான ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைக்காமல் பாடியை இறக்கியிருப்பார்கள்.

முக்கியமானது முன்சக்கரத்தின் கீழ் ட்ரன்னியன், அதாவது சக்கரம் திரும்ப இடம் தரும் மரை வைத்த மூட்டு. அதற்கு கிரீஸ் கூடாது, இபி 90 கியர் ஆயில்தான். கிரீஸ் அடித்தால் மரையில் தண்ணீர் தங்கி அரித்து, ஓடும்போதே முறிந்து சக்கரம் மடங்கிவிடும். புதுப் பெயின்ட் இதையெல்லாம் சொல்லாது.

பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர், பழைய டயர் மூன்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள். ஆனால் ஒரு கிழிசலுக்காக சீட் ரெக்சின் மொத்தத்தையும் உரிக்காதீர்கள். உள்பக்கமிருந்து ஒட்டுப்போட்டாலே போதும்.