கொடிமரம் ஒன்று, கொடி இரண்டு: கூடாது

ஆகஸ்ட் 15 அன்று மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாத் திருப்பலி முடிந்ததும் கத்தோலிக்கக் கோயில் வளாகத்தில் தேசியக்கொடி ஏற்றுவது நல்லது. ஆனால் பல பங்குகளில் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயில்களில்) அப்போது கொடிமரத்தில் திருவிழாக் கொடி பறக்கும். அதே மரத்தில் தேசியக்கொடியைக் கட்டக்கூடாது. 2002 கொடி விதிகளின்படி வேறு எந்தக் கொடியும் அதற்கு மேலேயோ, பக்கத்தில் சம உயரத்திலோ இருக்கக்கூடாது. ஆகவே தள்ளி, தனிக் கம்பம் நடுங்கள்.

அகலம், உயரம் 3:2 விகிதம். 1350 × 900 மி.மீ. கொடி வளாகத்துக்குத் தாராளம்.

சொதப்புவது பெரும்பாலும் முடிச்சில்தான். மடித்த கொடியைச் சுற்றும் கயிற்றில் இழுத்தால் அவிழும் உருவு முடிச்சு மட்டும் போடுங்கள். முந்தின இரவே கட்டி மழையில் விட்டால் கயிறு ஊறி இறுகிவிடும். காலையில் கட்டுவதே சரி. உள்ளே பூவிதழ் வைக்க விதியே அனுமதிக்கிறது. ஒரு கைப்பிடி போதும், ஈரமில்லாமல்! ஈர இதழ் ஒட்டிக்கொண்டால் மடிப்பு பிரியாது. மடிக்கும் முன்பே காவிப் பக்கக் கயிற்றில் அடையாளம் இடுங்கள், தலைகீழாக ஏறாது.

நாட்டுப்பண் 52 விநாடி. மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு முந்தின ஞாயிறே பயிற்சி கொடுத்தால் வேகம் குறையாது. அவர்களுக்குக் காகிதக் கொடி கொடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். சிற்றுண்டி வரிசை தொடங்கும் முன்பே அன்பியத்தார் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவினர்) கூடை வைத்துத் திரும்ப வாங்கிவிட வேண்டும். பிறகு வாங்கினால் பாதி தரையில் கிடக்கும்.