ரெசிஸ்டர் மாட்டினால் பைக்கின் இழுவை கூடுமா?

‘காற்று வெப்பநிலை சென்சார் ஒயரில் ஒரு ரெசிஸ்டரை (மின்தடையைக் கூட்டும் சிறு பாகம்) சேர்த்தால் இன்ஜெக்‌ஷன் பைக்கின் இழுவையும் மைலேஜும் கூடும்’ என்று பரவும் தகவல் தவறானது.

குளிரக் குளிர அந்தச் சென்சாரின் மின்தடை உயரும். ரெசிஸ்டரைச் சேர்த்ததும், உச்சி வெயிலிலும் குளிர்காற்று வருவதாக நம்பி இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கிறது. சீரான ஓட்டத்தில், புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுகொண்டு, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற அளவுக்கே திருப்பிவிடும். ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பிடிக்கும்போது அந்தத் திருத்தம் இல்லை. அங்கே தேவையான பெட்ரோலைத் தயாரிப்பாளரே ஏற்கெனவே கூட்டி வைத்திருப்பார். அதற்கும் மேலே ஊற்றுவது வெறும் விரயம். சில வாரம் கழித்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனையில் கறுப்புக் கரி அப்பியிருக்கலாம். எரியாத பெட்ரோல், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் பொசுக்கும். தயவுசெய்து அந்த ஒயரை வெட்டாதீர்கள்.