கொலனோஸ்கோபி: மலம் நீராகிவிட்டால் மருந்தை நிறுத்தலாமா?

கொலனோஸ்கோபி என்பது கேமராக் குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை. அதற்கு முன் குடலைச் சுத்தமாக்க ஒரு மருந்துக் கரைசலைக் குடிக்கத் தருவார்கள். "மலம் தண்ணீராகப் போகத் தொடங்கினால் குடல் சுத்தமாகிவிட்டது, குமட்டினால் மீதி மருந்தைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீர் குடியுங்கள்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

நீராகப் போவது வேறு, தெளிவாகப் போவது வேறு. கலங்கலும் பழுப்பும் நீங்கி, சிறுநீர் போல் வெளிர் மஞ்சளாக, அடியில் கசடு தங்காமல் வர வேண்டும். அப்படி வந்தாலும் மீதி மருந்தை விடக்கூடாது. இரவு முழுவதும் சிறுகுடலிலிருந்து பித்தநீரும் சளியும் இறங்கிப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் படிகின்றன. தட்டையான பாலிப்கள் (குடல் சுவரில் வளரும் சிறு கட்டிகள்) ஒளிந்துகொள்ள அந்த மெல்லிய படலமே போதும். மருந்தின் ஒரு பகுதியைப் பரிசோதனை நாள் காலையில் குடிக்கச் சொல்வது அதற்காகத்தான்.

வெறும் தண்ணீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும். இத்தகைய மருந்துகள் பலவற்றில் உள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால்தான் நீரைக் குடலிலேயே பிடித்து வைக்கிறது. அளவுக்கு மீறித் தண்ணீர் மட்டும் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும் ஆபத்தும் உண்டு.

சுவை சகிக்காது என்பது உண்மைதான். அதை மறுத்துப் பயனில்லை. நன்றாகக் குளிரவைத்து, உறிஞ்சுகுழலை நாக்கின் பின்பகுதியில் வைத்துக் குடித்தால் சற்று எளிது. குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு, மெதுவாகத் தொடரலாம். வாந்தி எடுத்துவிட்டால் மருத்துவமனையை அழைத்துக் கேளுங்கள். குமட்டலுக்கு மாத்திரையோ மாற்று மருந்தோ தருவார்கள். வாந்தி நிற்கவில்லை, வயிறு கடுமையாக வலிக்கிறது, மயக்கம் வருகிறது என்றால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே அழையுங்கள்.