வெள்ளிக்குக் காந்தப்புலம் இல்லை, காற்று இருக்கிறதே

"காந்தப்புலம் இல்லாத கோளின் வளிமண்டலத்தை நட்சத்திரக் காற்று, தனுஷ்கோடி மணலைக் கச்சான் காற்று அள்ளுற மாதிரி அள்ளிடும்" என்று உங்கள் பதிவில் எழுதி, சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமாவைச் சுற்றும் பிராக்சிமா பி கோளுக்கும் அந்தக் கதிதானோ என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். உவமை அழகு, இயற்பியல் இடிக்கிறது.

நட்சத்திரக் காற்று என்பது நட்சத்திரம் வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம். பூமிக்கருகே சூரியக் காற்றின் வேகம் நொடிக்குச் சுமார் 400 கி.மீ. ஆனால் ஒரு கன செ.மீ.க்கு ஐந்தாறு புரோட்டான்தான். அழுத்தம் சில நானோபாஸ்கல், அதாவது ஒரு பாஸ்கலில் நூறு கோடியில் சில பங்குதான். அது வாயுவை மணல்போல நேராகத் தள்ளாது. வாலிநோக்கம் உப்பளப் பாத்தியைப் பாருங்கள்: வெயில் நீரைக் கிளப்பிவிடுகிறது, காற்று கொண்டுபோகிறது. இங்கும் எக்ஸ் கதிரும் புற ஊதாவும் மேலடுக்கைச் சூடாக்கி, அணுக்களின் எலக்ட்ரானைப் பறித்து அயனியாக்கிவிடும். அந்த அயனிகளைத்தான் நட்சத்திரக் காற்றோடு வரும் காந்தப்புலம் பிடித்து இழுத்துப்போகும்.

வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலம் கிடையாது. தரையில் அழுத்தமோ பூமியைவிட 90 மடங்குக்கு மேல். கோள் முழுதும் காந்தப்புலம் இல்லாத செவ்வாயில் நாசாவின் மேவன் விண்கலம் அளந்த இழப்பு நொடிக்கு ஏறத்தாழ 100 கிராம், சூரியப் புயலில் கூடும். காந்தப்புலமுள்ள நம் பூமியும் துருவங்கள் வழியாக அயனிகளை இழக்கிறது.

பிராக்சிமா பி பற்றிய உங்கள் கவலை மட்டும் நியாயம். பூமி-சூரியத் தூரத்தில் 0.05 பங்கு தூரத்தில் (0.05 வானியல் அலகு), 11.2 நாளில் சுற்றுகிறது. அடிக்கடி கதிர்வெடிப்பு நிகழ்த்தும் செங்குள்ளன் (சிறிய, மங்கலான சிவப்பு நட்சத்திரம்) பக்கத்திலேயே. அங்கே முதலில் பார்க்க வேண்டியது காந்தப்புலத்தை அல்ல, நட்சத்திரத்தின் புற ஊதா வரலாற்றையும் எரிமலைகள் வாயுவை ஈடுகட்டும் வேகத்தையும்தான்.