ஃபாதர் மாறினால் நோட்டும் மாறிவிடுமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கத்தோலிக்கப் பங்கில் மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கோவில் பக்கத்து ஹாலில் பிரஷரும் சுகரும் பார்ப்பார்கள். கான்வென்டிலிருந்து நர்ஸ் சிஸ்டர் ஒருவர் வருவார். அப்போதிருந்த பங்குத்தந்தை தொடங்கி வைத்தது. என் அம்மாவுக்குப் பிரஷர் இருப்பதே அங்கேதான் தெரிந்தது. பெயர் வாரியாக ஒரு நோட்டு இருந்தது. அம்மா மாத்திரையை விட்டிருந்தால் அடுத்த மாதம் சிஸ்டர் கண்டுபிடித்துவிடுவார். எங்களுக்குப் பயப்படாதவர் சிஸ்டருக்குப் பயப்படுவார்.

அப்புறம் அந்த ஃபாதருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் முன்னால் பாதியில் நின்ற கோபுரமும் அதன் கடனும் இருந்தன. இரண்டு மாதம் எப்படியோ நடந்தது, மூன்றாவது மாதம் ஹால் பூட்டியிருந்தது. நிறுத்தச் சொன்னவர் யாரும் இல்லை. சாவி யாரிடம் என்று கேட்டவரும் இல்லை. நானும் கேட்கவில்லை. அம்மா மாத்திரையை நிறுத்தி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது என்பது, பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் அந்தப் புது ஃபாதரைக் குறை சொல்ல வரவில்லை. ஒரு மனிதர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் நின்றுபோகிற மாதிரி ஒரு வேலையை ஏன் வைத்திருந்தோம் என்பதுதான் என் கேள்வி.

1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தில் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. பங்கு மக்களின் பிரதிநிதிகள் கூடும் பங்குப் பேரவையை ஆயர் விரும்பினால் அமைக்கலாம், அதுவும் ஆலோசனை சொல்ல மட்டுமே. பணத்துக்குக் கணக்குக் கேட்க ஆள் உண்டு. மக்களுடைய உடம்புக்குக் கணக்குக் கேட்க யாரும் இல்லை. அதனால் ஆர்வமுள்ள ஃபாதர் வந்தால் மருத்துவப் பணி நடக்கும், அவர் போனால் பிப்ரவரி 11, நோயாளர் தினத்தன்று ஒரு முகாமோடு முடிந்துவிடும். முகாம் நல்லதுதான். ஆனால் பிரஷரும் சுகரும் வாழ்நாள் முழுக்கக் கூட வருகிற நோய்கள். வருடத்தில் ஒரு நாள் பந்தல் போட்டுப் பார்த்துவிட்டால் போதாது.

அதே 1983இல் பிரேசிலில் நடந்ததை நம் குருக்களும் பேரவைக்காரர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு யுனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட், சாவோ பவுலோ கர்தினால் பவுலோ எவரிஸ்தோ ஆர்ன்ஸிடம் ஒரு யோசனை சொன்னார். வயிற்றுப்போக்கில் சாகிற குழந்தைகளை உப்புச் சர்க்கரைக் கரைசலால் காப்பாற்றலாம், அதை வீடு வீடாகத் தாய்மாரிடம் கொண்டுபோகத் திருச்சபையால் முடியும் என்பது அது. கர்தினால் தன் தங்கை சில்டா ஆர்ன்ஸிடம் பேசினார். அவர் குழந்தை மருத்துவர், கணவரை இழந்தவர், ஐந்து பிள்ளைகளின் தாய். லோன்ட்ரினா பேராயரின் துணையோடு, கரும்பு வெட்டும் கூலிகள் நிறைந்த ஃப்ளோரெஸ்டோபோலிஸ் என்ற ஊரில் தொடங்கினார்.

அவர் மருத்துவமனை கட்டவில்லை. அந்தந்தத் தெருவிலேயே வாழ்கிற பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒருவருக்குப் பத்துப் பதினைந்து வீடு. மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போக வேண்டும். மாதம் ஒருநாள் எல்லாக் குழந்தைகளையும் கூட்டி எடை பார்க்க வேண்டும். அப்புறம் அந்தப் பெண்களே உட்கார்ந்து எந்தக் குழந்தை இளைத்திருக்கிறது, ஏன் என்று பேசிக் குறித்துவைக்க வேண்டும். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 127 பேர் இறந்துகொண்டிருந்த அந்த ஊரில், ஒரே ஆண்டில் அது 28ஆகக் குறைந்தது என்பது இந்த வேலையை நடத்தும் அவருடைய அமைப்பு சொல்லும் கணக்கு. எந்த மதத்துக் குழந்தை என்று அவர்கள் பார்க்கவில்லை. 2010 ஜனவரி 12 அன்று ஹெய்த்தி நிலநடுக்கத்தில் சில்டா இறந்தார். அங்கேயும் இந்த வேலையைப் பற்றிப் பேசத்தான் போயிருந்தார். அவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை, ஏனென்றால் அது அந்தப் பெண்கள் கையில் இருந்தது.

பேராயர் செய்தது என்ன? கதவைத் திறந்துவிட்டார், பின்னால் நின்றார். தலைமை என்று நான் சொல்வது அதைத்தான்.

நமக்கும் இது புதிதல்ல. 1920இல் குண்டூருக்கு வந்த ஆஸ்திரேலிய டாக்டர் சிஸ்டர் மேரி குளோரி 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒன்று சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். அது இன்றும் இருக்கிறது. நம் பங்குகளில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்களான அன்பியங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இருபது முப்பது வீடு. யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று அன்பியத்து அக்காமாருக்கு ஃபாதரைவிட நன்றாகத் தெரியும். ஜெபமாலைக்கும் நற்செய்திப் பகிர்வுக்கும் கூடுகிற அதே வீட்டில், அதே பாயில் உட்கார்ந்து பிரஷர் பார்க்க முடியாதா? மாத்திரைக்கும் நாம் அலைய வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அரசே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறது. விட்டுப்போனவர்களின் பட்டியலைக் கிராம சுகாதார செவிலியரிடம் சேர்ப்பதும், வாங்கிய மாத்திரையை விழுங்குகிறார்களா என்று பார்ப்பதும்தான் நம் வேலை.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும். நோட்டில் இருப்பது வெளியே போகக் கூடாது. யாருக்குச் சுகர், யார் மனநலத்துக்கு மாத்திரை எடுக்கிறார் என்பதெல்லாம் கல்யாணப் பேச்சில் வந்து நின்றால் அந்த வீட்டுக் கதவு அப்புறம் திறக்காது. சொன்னதைக் காக்கத் தெரிந்த பெண்களைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நோட்டு பங்கு அலுவலகத்துக்குப் போகாமல் அவர்களிடமே இருக்கட்டும். பக்கத்து வீட்டு இந்துப் பாட்டிக்கும் சிஎஸ்ஐ தாத்தாவுக்கும் சேர்த்தே பார்க்கட்டும்.

அம்மாவுக்கு இப்போது இடது கை முழுசாக மடங்காது. ஜெபமாலையை வலது கையில் மட்டும் பிடித்துச் சொல்கிறார்.

வருகிற ஞாயிறு எங்கள் பேரவைக் கூட்டம். அன்பியத்துக்கு ஒரு பிரஷர் மெஷின், ஒரு நோட்டு, இரண்டு பெண்கள் என்று கேட்கப் போகிறேன். உங்கள் பங்கில் ஃபாதர் மாறிய பிறகும் நிற்காமல் நடக்கிற மருத்துவப் பணி ஏதாவது இருந்தால், அது யார் கையில் இருக்கிறது, எப்படி நடத்துகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறேன்.