41 ஆயிரம் மெகாவாட் சரி, ஜனவரியில் எவ்வளவு?

அலையிலிருந்து மின்சாரம் என்று யாராவது வீடியோ போட்டால் போதும், கீழே ஒருவர் வந்து "நம்ம கடல்ல 41 ஆயிரம் மெகாவாட் சும்மா கிடக்கு" என்று எழுதிவிடுகிறார். எண் பொய்யில்லை. 2014-இல் சென்னை ஐஐடியும் கிரிசில் என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்த மதிப்பீட்டில் வந்ததுதான். ஆனால் அது கரைக்கு வரும் அலையில் கோட்பாட்டளவில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. அதில் எவ்வளவு வீட்டு ஸ்விட்சுக்கு வரும் என்பது வேறு.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆழ்கடலில் அலை உயரத்தை வர்க்கமாக்கி, ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே ஆகும் நொடிகளால் பெருக்கிப் பாதியாக்கினால், அலைமுகப்பின் ஒவ்வொரு மீட்டருக்கும் எத்தனை கிலோவாட் என்று தோராயமாக வந்துவிடும். (உயரம் என்பது வந்த அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி.) 1 மீட்டர் அலை, 8 நொடி என்றால் 4 கிலோவாட். 3 மீட்டர், 9 நொடி என்றால் 40! உயரம் மூன்று மடங்கு, சக்தி பத்து மடங்கு.

வருடச் சராசரி ஏமாற்றுவது இங்கேதான். எட்டு மாதம் 1 மீட்டர், நாலு மாதம் இரண்டரை மீட்டர் அலை வரும் ஒரு கடலை வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கணக்கை விட்டுவிட்டுப் பார்த்தாலே வருடச் சக்தியில் முக்கால் பங்கு அந்த நாலு மாதத்தில் வந்துவிடுகிறது. கன்னியாகுமரியின் மேற்குக் கரையும் கேரளமும் கிட்டத்தட்ட இந்தக் கதைதான், தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும், கடலரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவைத் தாண்டி அலை ஏறும், அப்புறம் அடங்கிவிடும். அதே மாதங்களில்தான் முப்பந்தல் காற்றாலைகளும் சுழல்கின்றன. காற்று இருக்கும்போது அலையும் இருக்கிறது, காற்று இல்லாதபோது அலையும் சோர்கிறது, பிறகு இது எதற்குக் கைகொடுக்கும்?

நாம் ஒன்றும் செய்யாமல் இல்லை. 1991-இலேயே கேரளத்தின் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுக அலைதடுப்புச் சுவரை ஒட்டி 150 கிலோவாட் நிலையம் ஓடியது. கான்கிரீட் அறைக்குள் தண்ணீர் ஏறி இறங்க, மேலே அடைபட்ட காற்று முன்னும் பின்னும் போய் வெல்ஸ் டர்பைனைச் சுற்றும். காற்று எந்தப் பக்கம் போனாலும் அது ஒரே திசையில்தான் சுற்றும், அழகான யோசனை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சராசரி 75, டிசம்பர் முதல் மார்ச் வரை 25 கிலோவாட் என்பதுதான் அதன் கணக்கு. என் ஜனவரிக் கேள்விக்குப் பதில் முப்பது வருடமாக அங்கேயே இருக்கிறது.

இன்னொரு தொல்லை, தினசரி அலைக்காகக் கட்டும் இயந்திரம் புயல் அலைக்கும் தாங்க வேண்டும். செலவெல்லாம் அங்கே போகிறது. போர்ச்சுகலில் 2008-இல் பெலாமிஸ் என்ற அலைமின் இயந்திரங்கள் மூன்றைக் கடலில் இறக்கினார்கள், மொத்தம் 2.25 மெகாவாட், சில மாதங்களிலேயே கரைக்கு இழுத்து வந்தார்கள். 2014-இல் நிறுவனமே நொடித்துப்போனது. இத்தனைக்கும் அட்லாண்டிக் நம் கடலைவிடப் பல மடங்கு சக்தி உள்ளது.

வேண்டவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. ஸ்பெயினின் முட்ரிகுவில் எப்படியும் கட்டவேண்டிய அலைதடுப்புச் சுவருக்குள்ளேயே 16 டர்பைன்களை வைத்துவிட்டார்கள், 2011-இலிருந்து மின்சாரம் வருகிறது. மொத்தம் 296 கிலோவாட்தான், ஆனால் சுவர்ச் செலவு ஏற்கெனவே போட்டது. நாமும்தான் ஊருக்கு ஊர் கல்லைக் கொட்டிக்கொண்டே இருக்கிறோம். 2022-இல் தூத்துக்குடிக்கு அப்பால் சென்னை ஐஐடி சோதித்த சிந்துஜா என்ற அலைமின் கருவி 100 வாட் தந்தது. ஒரு மின்விசிறி ஓடும் என்று கிண்டல் செய்தார்கள், ஆனால் நடுக்கடலில் மிதக்கும் அளவைக் கருவிக்கு அந்த 100 வாட் பெரிய விஷயம், அங்கே யார் ஒயர் இழுப்பது?

அடுத்த முறை யாராவது மெகாவாட் கணக்கோடு வந்தால், மாதவாரிப் பட்டியலைக் கேளுங்கள்.